தாவர செல்லில் மைட்டோகாண்ட்ரியா ஓடுவது எதற்காக? வேகத்தை அளந்தால் போதுமா?

விதைமுளை

வணக்கம். தாவர செல் உயிரியலில் ஆராய்ச்சி தொடங்கியிருக்கிறேன். மைட்டோகாண்ட்ரியாவுக்குள் மட்டும் பச்சை ஒளிர்புரதம் போய்ச் சேரும்படி மாற்றிய அராபிடாப்சிஸ் (ஆய்வகங்களில் அதிகம் பயன்படும் சிறு செடி) நாற்றுகள் கையில் இருக்கின்றன. அவற்றின் விதையிலைக் கீழ்த்தண்டின் மேல்தோல் செல்களைக் கன்ஃபோகல் நுண்ணோக்கியில் வைத்து வீடியோ எடுக்கிறேன்.

வீடியோவில் தெரிவது இதுதான். ஒரு செல்லில் நூற்றுக்கணக்கான பச்சைப் புள்ளிகள். சில நின்ற இடத்திலேயே லேசாக நடுங்குகின்றன. சில ஒரே கோட்டில் விர்ரென்று ஓடி, திடீரென நிற்கின்றன. சில நேரம் வந்த வழியே திரும்புகின்றன. இரண்டு புள்ளிகள் அருகே வந்து, சில நொடிகள் ஒட்டியிருந்துவிட்டுப் பிரிகின்றன. எவ்வளவு நேரம் பார்த்தாலும் சலிக்கவில்லை. ஆனால் இதில் எதை அளப்பது என்பதுதான் பிடிபடவில்லை.

நான் படித்த பாடநூல்களில் மைட்டோகாண்ட்ரியாவின் ஓட்டம் என்றாலே நரம்பு செல்தான். நீண்ட ஆக்ஸானில் நுண்குழல்களின் மேல் கைனசின், டைனின் என்ற மோட்டார் புரதங்கள் இழுத்துப் போகும் படம் எல்லாவற்றிலும் இருக்கும். தாவரத்துக்கு இரண்டு வரி ஒதுக்கியிருந்தால் அதிகம். முதலில் சராசரி வேகத்தைக் கணக்கிடும்படி என் வழிகாட்டி சொல்லியிருக்கிறார், அதைச் செய்துகொண்டிருக்கிறேன். ஆனாலும் மூன்று கேள்விகள் நிற்கின்றன. இவற்றை எது ஓட்டுகிறது? எதற்காக ஓடுகின்றன? இரண்டு தொட்டுக்கொண்டால் அவை இணைந்துவிட்டன என்று சொல்லலாமா?

ஆக்டின்பாதை

முதல் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன்.

தாவரத்தில் பாதை ஆக்டின் என்ற புரத இழை, அதன் மேல் நடக்கும் மோட்டார் மயோசின். பூக்கும் தாவரங்களில் சைட்டோபிளாச டைனின் கிடையவே கிடையாது. கைனசின்கள் ஏராளமாக உண்டு, ஆனால் செல்லின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு வேகமாக ஓடும் வேலை மயோசினுடையது. குறிப்பாகப் பதினொன்றாம் வகுப்பு மயோசின். அராபிடாப்சிஸில் அந்த வகுப்பில் மட்டும் 13 மரபணுக்கள், எட்டாம் வகுப்பில் 4. பதினொன்றாம் வகுப்பில் 'கே' என்ற மயோசினை நீக்கினால் மைட்டோகாண்ட்ரியா மட்டுமல்ல, கோல்கி, பெராக்ஸிசோம் போன்ற மற்ற செல் உறுப்புகளும் மந்தமாகின்றன. 2008-இல் வந்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின. ஒரே மோட்டாரைப் பல உறுப்புகள் பங்குபோட்டுக்கொள்கின்றன என்பதை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

2002-இல் புகையிலையின் பிஒய்-2 வளர்ப்புச் செல்களில் வான் கெஸ்டல், கோலர், வெர்பெலன் மூவரும் செய்த வேலையைக் கட்டாயம் படியுங்கள். ஓட்டம் ஆக்டினைச் சார்ந்தது. ஆனால் செல் ஓரத்துச் சைட்டோபிளாசத்தில் மைட்டோகாண்ட்ரியா எங்கே இடம்பிடித்து நிற்கிறது என்பது ஆக்டினையும் நுண்குழலையும் சேர்த்தே சார்ந்தது என்று கண்டார்கள். உங்கள் வீடியோவில் நடுங்கிக்கொண்டு நிற்பவற்றை 'ஓடாதவை' என்று கழித்துவிட வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். நிற்பதற்கும் ஒரு பிடிமானம் வேண்டும்.

விலங்கு செல்லில் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் இருக்கும் மைரோ என்ற புரதமும், மில்டன் என்ற இணைப்புப் புரதமும் சேர்ந்து அதைக் கைனசினோடு கட்டுகின்றன. தாவரத்தில் மைரோ உண்டு, மில்டன் இல்லை. மைரோ1 பழுதானால் அராபிடாப்சிஸின் கரு ஆரம்பத்திலேயே நின்றுபோகிறது, மகரந்தக் குழாயும் சரியாக வளர்வதில்லை. விலங்கின் வரைபடத்தை அப்படியே தாவரத்தின் மேல் வைத்துப் பார்ப்பது ஏன் பலிக்காது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

மருந்து கொடுத்துச் சோதிப்பதாக இருந்தால், ஆக்டினைக் கலைக்க லாட்ரன்குலின் பி, நுண்குழலைக் கலைக்க ஒரைசலின். பிடிஎம் என்ற மயோசின் தடுப்பானையும் பழைய கட்டுரைகளில் பார்ப்பீர்கள். தாவர மயோசினை அது குறிப்பாகத் தாக்குகிறதா என்பதில் நிறைய சந்தேகம் எழுந்திருக்கிறது, நான் அதை நம்புவதில்லை.

பச்சையம்

எதற்காக என்ற கேள்விக்கு என் பதில் சுருக்கமானது: வேலை இருக்கும் இடத்துக்குப் போகின்றன.

இலையின் பாலிசேடு செல்லை எடுத்துக்கொள்ளுங்கள். இஸ்லாம், நிவா, தக்காகி மூவரும் 2009-இல் அராபிடாப்சிஸ் இலையில் பார்த்தது இது. இருட்டில் மைட்டோகாண்ட்ரியா செல் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. வலுவான நீல ஒளி பட்டால் பசுங்கணிகங்கள் பக்கச் சுவர்களுக்கு ஒதுங்குகின்றன, மைட்டோகாண்ட்ரியாவும் அங்கேயே போய்ச் சேர்கின்றன. மங்கிய ஒளியில் பசுங்கணிகங்கள் ஒளியை நோக்கிய சுவருக்கு வரும்போதும் கூடவே வருகின்றன.

காரணம் ஒளிச்சுவாசம். ரூபிஸ்கோ என்ற நொதி கார்பன் டை ஆக்சைடுக்குப் பதில் ஆக்சிஜனைப் பிடித்துவிட்டால் உண்டாகும் பொருளை மீட்க மூன்று உறுப்புகள் வேண்டும். பசுங்கணிகத்திலிருந்து கிளைக்கோலேட் பெராக்ஸிசோமுக்குப் போய் கிளைசின் ஆகிறது. அந்தக் கிளைசின் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய், இரண்டு கிளைசினுக்கு ஒரு செரின் என்று மாறுகிறது; கார்பன் டை ஆக்சைடும் அம்மோனியாவும் வெளிவருகின்றன. செரின் மறுபடி பெராக்ஸிசோமுக்கு. இத்தனை கைமாறல் நடக்க மூன்றும் அருகருகே இருப்பது நல்லதுதானே. விதைமுளை பார்க்கும் கீழ்த்தண்டு மேல்தோலில் இந்த வேலை அவ்வளவாக இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'எதற்காக' என்று கேட்டால் முதலில் வளர்சிதை மாற்றத்தைத்தான் பார்க்க வேண்டும்.

மரபுக்கோடு

பச்சையம் சொன்னது இலைக்குப் பொருந்தும். ஆனால் ஒளிச்சுவாசமே இல்லாத செல்லிலும் ஓட்டம் நிற்பதில்லையே? வேர் செல்லில் ஓடுகின்றன, வெங்காயத் தோலில் ஓடுகின்றன, இருட்டில் வளர்த்த நாற்றிலும் ஓடுகின்றன. வேறு ஒரு காரணமும் இருக்க வேண்டும். என்னைப் பொறுத்தவரை அது டிஎன்ஏ.

மனித மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ 16,569 கார இணைகள்தான். அராபிடாப்சிஸில் சுமார் 3,67,000 இணைகள். அது ஒரே வளையமாக ஒவ்வொரு மைட்டோகாண்ட்ரியாவிலும் உட்கார்ந்திருப்பதும் இல்லை. துண்டுதுண்டாக, பல வடிவங்களில் இருக்கிறது. முதிர்ந்த இலை செல்லில் ஒரு குறிப்பிட்ட மைட்டோகாண்ட்ரியா மரபணுவின் பிரதிகளை எண்ணினால், செல்லில் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் எண்ணிக்கையைவிட அது குறைவு என்று 2010-இல் ப்ரொய்ட்டனும் மற்றவர்களும் காட்டினார்கள். அதாவது பல மைட்டோகாண்ட்ரியாக்களிடம் முழு மரபணுத் தொகுதி கிடையாது. சிலவற்றில் டிஎன்ஏவே இல்லை. ஒரு பெரிய நூலின் பக்கங்களைப் பிரித்து ஆளுக்குச் சில தாளாகக் கொடுத்ததுபோல.

அப்படியிருந்தும் எல்லா மைட்டோகாண்ட்ரியாவும் சுவாசச் சங்கிலிப் புரதங்களோடு வேலை செய்கின்றன. எப்படி? அவ்வப்போது இணைந்து உள்ளடக்கத்தைப் பகிர்ந்துகொள்கின்றன என்பதுதான் பதிலாக இருக்க முடியும். டேவிட் லோகன் இதைப் 'தொடர்ச்சியற்ற முழுமை' என்று எழுதினார். தனித்தனியாகக் கிடந்தாலும், இணைவதும் பிரிவதுமாக, காலப்போக்கில் எல்லாம் ஒரே தொகுதி.

இதைக் கண்ணால் காட்டியது ஷினிச்சி அரிமுரா குழுவின் 2004-ஆம் ஆண்டு வேலை. கேடே என்ற ஒளிர்புரதம், பவளத்திலிருந்து எடுத்தது. பச்சையாக ஒளிரும், ஊதா ஒளி பட்டால் நிரந்தரமாகச் சிவப்பாகிவிடும். வெங்காயத் தோல் செல்லில் பாதி மைட்டோகாண்ட்ரியாக்களை மட்டும் சிவப்பாக்கினார்கள். பச்சையும் சிவப்பும் சந்தித்து மஞ்சள் ஆகத் தொடங்கின. ஓரிரு மணி நேரத்தில் அநேகமாக எல்லாமே மஞ்சள்! அத்தனை சுறுசுறுப்பான கலப்பு. அதே கட்டுரையில் இன்னொன்றும் உண்டு: பிரியும்போது டிஎன்ஏ சமமாகப் பிரிவதில்லை. ஒன்றுக்கு அதிகம், இன்னொன்றுக்குக் குறைவு, சில நேரம் ஒன்றுமே இல்லை. அப்படியானால் மறுபடி மறுபடி சந்தித்தாக வேண்டும்.

விதைமுளை, நீங்கள் நாற்றில் வேலை செய்வதால் இதையும் சொல்கிறேன். காய்ந்த விதையில் மைட்டோகாண்ட்ரியா அசையாது. நீர் உறிஞ்சியதும் ஓட்டம் மெல்லத் தொடங்குகிறது, அப்புறம் உட்கருவைச் சுற்றி நீண்டு பெருமளவில் இணைகின்றன, அதற்குப் பிறகுதான் துண்டாகிச் சிதறுகின்றன. 2017-இல் லோகன் குழு இதை விரிவாகப் பதிவு செய்தது. தண்டின் நுனி ஆக்குத்திசு செல்களிலும் உட்கருவைச் சுற்றிக் கூண்டு மாதிரி ஒரே பெரிய மைட்டோகாண்ட்ரியா இருப்பதை 2008-இல் கண்டிருக்கிறார்கள். அடுத்த தலைமுறைக்குப் போகும் செல்கள் அங்கேதான் உருவாகின்றன. டிஎன்ஏவைக் கலந்து சரிபார்த்து அனுப்ப இதைவிடப் பொருத்தமான நேரம் எது?

விதைமுளை

மூவருக்கும் மிக்க நன்றி. விதை முளைக்கும்போது நடப்பது எனக்கு முற்றிலும் புதிது.

இப்போது மூன்றாவது கேள்வி இன்னும் பெரிதாகிவிட்டது. என் வீடியோவில் இரண்டு புள்ளிகள் ஒன்றாகத் தெரிந்தால் அது சந்திப்பா, இணைவா? என்னிடம் கேடே செடி இல்லை, பச்சை மட்டும்தான்.

நுண்ணோக்கி நேசன்

பச்சை மட்டும் இருந்தால் இணைவைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாதீர்கள். இதில் நான் கறார்.

ஏன் என்று பார்ப்போம். தாவர மைட்டோகாண்ட்ரியாவின் குறுக்களவு அரை மைக்ரானிலிருந்து 1 மைக்ரான் வரை. சாதாரணக் கன்ஃபோகலில் பக்கவாட்டில் பிரித்தறியும் எல்லை சுமார் 0.2 முதல் 0.25 மைக்ரான். ஆழத்தில் அது அரை மைக்ரானுக்கும் மேல். ஒன்றின் மேல் ஒன்றாகக் கடந்து போகும் இரண்டு மைட்டோகாண்ட்ரியா உங்கள் படத்தில் ஒரே புள்ளியாகத்தான் தெரியும். தொடாமலேயே! இணைந்ததா என்று தெரிய உள்ளடக்கம் கலந்ததைக் காட்ட வேண்டும். அதற்கு நிறம் மாறும் புரதமோ, ஒளியால் தூண்டப்படும் ஒளிர்புரதமோ வேண்டும். அதுவரை 'அருகில் வந்தன' என்று மட்டும் எழுதுங்கள். அதுவும் மதிப்புள்ள தரவுதான்.

அப்புறம் படமெடுக்கும் இடைவெளி. பெரும்பாலான புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். வேகமாக ஓடும் மைட்டோகாண்ட்ரியா ஒன்று நொடிக்கு 5 மைக்ரான் போகிறது என்று வையுங்கள். இரண்டு நொடிக்கு ஒரு படம் எடுத்தால், அடுத்த படத்துக்குள் அது 10 மைக்ரான் நகர்ந்திருக்கும். பக்கத்து மைட்டோகாண்ட்ரியா 3 மைக்ரான் தூரத்தில் இருந்தால், எது எது என்று மென்பொருளால் சொல்ல முடியாது. ஃபிஜி என்ற பட ஆய்வு மென்பொருளில் இருக்கும் ட்ராக்மேட் நல்ல கருவி, ஆனால் அது அருகில் இருப்பதோடுதான் கோடு இழுக்கும். ஓடியதை விட்டுவிட்டு நின்றதைப் பிடித்துக்கொள்ளும், உங்கள் சராசரி வேகம் குறைந்துவிடும், ஆள்மாறாட்டமும் நடந்திருக்கும். இரண்டு படங்களுக்கு இடையில் நகரும் தூரம், அண்டை மைட்டோகாண்ட்ரியாவுக்கு உள்ள சராசரித் தூரத்தில் பாதிக்கும் குறைவாக இருக்கட்டும். சுழல்தட்டுக் கன்ஃபோகல் கிடைத்தால் இன்னும் நல்லது, வேகமாக எடுக்கலாம், ஒளியும் குறைவாகப் படும்.

ஒளி என்றதும் இன்னொன்று. லேசர் அதிகமானால் மைட்டோகாண்ட்ரியா உருண்டு வீங்கி, ஓட்டம் நின்றுபோகும். அது செல் சாவதன் ஆரம்ப அடையாளம். 2008-இல் ஸ்காட்டும் லோகனும் இந்த உருமாற்றத்தைச் செல் இறப்பின் முன்னறிகுறி என்றே விவரித்திருக்கிறார்கள். வீடியோவின் முதல் பகுதியையும் கடைசிப் பகுதியையும் தனித்தனியாக அளந்து ஒப்பிடுங்கள். வேகம் சரிந்திருந்தால் நீங்கள் பார்ப்பது செல்லின் இயல்பு அல்ல, உங்கள் லேசரின் விளைவு. கண்ணாடியை அழுத்தி வைப்பதும், நாற்று காய்ந்துபோவதும் இதே வேலையைச் செய்யும்.

சாயத்தைப் பற்றி யாராவது சொல்வார்கள், அதனால் முன்கூட்டியே: மைட்டோட்ராக்கர் போன்றவை உள்ளே போவது சவ்வு மின்னழுத்தத்தைப் பொறுத்தது. சோர்ந்த மைட்டோகாண்ட்ரியா மங்கலாகத் தெரியும் அல்லது தெரியவே தெரியாது. உங்களிடம் ஒளிர்புரதச் செடி இருக்கிறது, அதையே பிடித்துக்கொள்ளுங்கள். கீழ்த்தண்டு மேல்தோலைத் தேர்ந்தெடுத்ததும் சரியான முடிவு. பசுங்கணிகத்தின் சிவப்பு ஒளிர்வு அங்கே தொல்லை செய்யாது. நடுவில் பெரிய வாக்குவோல் (நீர் நிறைந்த பை) உட்கார்ந்திருப்பதால் சைட்டோபிளாசம் சுவரோரம் மெல்லிய படலமாக இருக்கும், ஓட்டத்தைக் கிட்டத்தட்ட இரு பரிமாணமாகவே பின்தொடரலாம்.

கணக்குப்பிள்ளை

நேசன் தரவைப் பற்றிச் சொன்னார், நான் அந்தத் தரவை வைத்து என்ன கேட்பது என்று சொல்கிறேன். தலைப்பில் கேட்ட கேள்விக்கு நேரடி பதில்: வேகத்தை மட்டும் அளந்தால் போதாது. யார் யாரைச் சந்தித்தார்கள் என்பதை அளக்க வேண்டும்.

ஜோவானா சுஸ்டெக்கி, இயான் ஜான்ஸ்டன் குழுவினர் 2021-இல் செய்தது இதைத்தான். அவர்களும் அராபிடாப்சிஸ் கீழ்த்தண்டு செல்லைத்தான் பார்த்தார்கள். ஒவ்வொரு மைட்டோகாண்ட்ரியாவும் ஒரு கணு. இரண்டு மைட்டோகாண்ட்ரியா வீடியோவின் எந்தக் கட்டத்திலாவது ஒரு குறிப்பிட்ட தூரத்துக்குள், அதாவது 1.6 மைக்ரானுக்குள், வந்தால் அவற்றுக்கிடையே ஒரு கோடு. பிரிந்து போனாலும் கோடு அழியாது. நேரம் போகப்போக ஒரு வலை உருவாகிறது. கவனியுங்கள், இது செல்லுக்குள் இருக்கும் பொருளின் வலை அல்ல, சந்திப்புகளின் வரலாறு. ஈஸ்டிலும் விலங்கு செல்லிலும் மைட்டோகாண்ட்ரியா உடலாகவே வலையாக இணைந்திருக்கும், தாவரத்தில் அந்த வலை காலத்தில் விரிந்து கிடக்கிறது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த கருத்து இது.

வலை கிடைத்தவுடன் நல்ல கேள்விகளைக் கேட்கலாம். ஒரு மைட்டோகாண்ட்ரியா சராசரியாக எத்தனை பேரைச் சந்திக்கிறது? ஒன்றிடம் இருக்கும் டிஎன்ஏ துண்டு இன்னொன்றை அடைய எத்தனை கைமாற வேண்டும்? எல்லாமே ஒரே இணைந்த தொகுதியா, தனித்தனித் தீவுகளா?

அவர்கள் கண்ட முக்கியமான விஷயம், இங்கே ஒரு இழுபறி இருக்கிறது என்பது. செல்லின் எல்லா மூலைக்கும் ஆற்றல் கிடைக்க மைட்டோகாண்ட்ரியா சமமாகப் பரவி, ஒன்றிலிருந்து ஒன்று விலகி இருக்க வேண்டும். பொருளும் தகவலும் கைமாற ஒன்றையொன்று அணுக வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குக் கொண்டுபோக முடியாது. கணினி மாதிரிகளோடு ஒப்பிட்டபோது, செல் சந்திப்புகளுக்குச் சாதகமாக, பரிமாற்றத்துக்கு ஏற்ற திறமையான வலையைத் தரும் வகையில் இந்த இழுபறியைத் தீர்த்திருப்பதாகத் தெரிந்தது. பச்சையமும் மரபுக்கோடும் விவாதித்த இரண்டு காரணங்களுமே இதற்குள் இருக்கின்றன, பாருங்கள்.

'ஃப்ரெண்ட்லி' என்ற மியூட்டன்ட் (ஒரு மரபணு பழுதான செடி) இதற்கு நல்ல எதிர்ப்படம். அதில் மைட்டோகாண்ட்ரியா கொத்துக்கொத்தாகத் திரண்டு கிடக்கும். அருகில் வந்தவை முறையாக இணைந்து பிரிவது குலைகிறது, செடியின் வளர்ச்சியும் பாதிக்கப்படுகிறது. அருகில் இருப்பது மட்டுமே போதுமென்றால் அந்தச் செடி செழித்திருக்க வேண்டும்.

பச்சையம்

> யார் யாரைச் சந்தித்தார்கள் என்பதை அளக்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை, அழகான ஆய்வுதான். ஆனால் ஒரு அடிப்படைச் சந்தேகம். தாவர செல்லில் சைட்டோபிளாசமே சுழன்றுகொண்டிருக்கிறது. 1774-இல் கோர்ட்டி பார்த்த அதே ஓட்டம். அதில் கோல்கியும் போகிறது, பெராக்ஸிசோமும் போகிறது, மைட்டோகாண்ட்ரியாவும் போகிறது. ஓடும் நீரில் மிதப்பவை மோதிக்கொள்ளத்தானே செய்யும்? சந்திப்பு வெறும் பக்கவிளைவாக இருந்தால், நீங்கள் வரையும் வலைக்கு உயிரியல் பொருள் என்ன? செல் இதை 'விரும்புகிறது' என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

கணக்குப்பிள்ளை

நியாயமான கேள்வி, இதைக் கேட்காமல் வலை வரைபவர்களை நானும் நம்பமாட்டேன்.

ஒப்பிட ஒரு வெறும் மாதிரி இல்லாமல் எந்த வலைக்கும் பொருள் கிடையாது. அதே எண்ணிக்கை, அதே செல் வடிவம், அதே வேகப் பரவல், ஆனால் திசை மட்டும் தற்செயலாக இருக்கும் புள்ளிகளைக் கணினியில் ஓடவிடுங்கள். அதில் கிடைக்கும் வலையிலிருந்து உண்மையான வலை எவ்வளவு விலகுகிறது என்பதுதான் உங்கள் முடிவு.

இரண்டாவது, மியூட்டன்ட்கள். எம்எஸ்ஹெச்1 என்ற மரபணு உறுப்புகளின் டிஎன்ஏவைப் பழுதில்லாமல் வைத்திருக்க உதவுவது. ஓட்டத்துக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. அது இல்லாத செடியில் மைட்டோகாண்ட்ரியாவின் சந்திப்பு வலை இயல்பான செடியைவிட நெருக்கமாக இணைந்திருப்பதை அதே குழு 2022-இல் வெளியிட்டது. டிஎன்ஏ பழுதாகும்போது பரிமாற்றம் கூடுகிறது என்று இதை வாசிக்கலாம். நிரூபணம் என்று சொல்லமாட்டேன், அந்தச் செடியில் வேறு கோளாறுகளும் உண்டு. ஆனாலும் வெறும் மோதல் என்ற விளக்கத்துக்கு இது இடம் கொடுக்கவில்லை.

ஆக்டின்பாதை

பச்சையத்தின் சந்தேகத்தைச் சோதிக்க இன்னும் நேரடியான வழி உண்டு. பெராக்ஸிசோமை ஒப்பீட்டுக்கு வையுங்கள். அளவில் மைட்டோகாண்ட்ரியாவுக்கு நெருக்கம், ஓடும் பாதை அதே ஆக்டின், மயோசினும் பெரும்பாலும் அதே. ஒரே செல்லில் ஒன்றைப் பச்சையிலும் மற்றதைச் சிவப்பிலும் ஒளிரச் செய்து, மைட்டோகாண்ட்ரியா தன் இனத்தோடு எவ்வளவு நேரம் ஒட்டியிருக்கிறது, பெராக்ஸிசோமோடு எவ்வளவு நேரம் ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். ஓட்டம்தான் மோத வைக்கிறது என்றால், எண்ணிக்கை வேறுபாட்டைக் கழித்தபின் இரண்டும் ஒத்துப்போக வேண்டும். சந்திப்பின் எண்ணிக்கையைவிட அதன் கால அளவு அதிகம் பேசும் என்பது என் கருத்து.

சுழற்சியே தற்செயல் என்றும் சொல்ல முடியாது. 2013-இல் தொமினாகா குழு அராபிடாப்சிஸின் மயோசினில் மோட்டார் பகுதியை மாற்றியது. கேரா பாசியின் மயோசினிலிருந்து எடுத்த வேகமான மோட்டாரைப் பொருத்தினால் சைட்டோபிளாச ஓட்டம் கூடியது, செடி பெரிதானது. மனித மயோசினின் மெதுவான மோட்டாரைப் பொருத்தினால் செடி சிறுத்தது. ஓட்டத்தின் வேகம் செடியின் உருவ அளவையே தீர்மானிக்கிறது. இதில் மைட்டோகாண்ட்ரியாவின் பங்கு எவ்வளவு என்பதைத்தான் பிரித்தெடுக்க வேண்டும். இதைச் செய்ய ஆள் தேவை, விதைமுளை!

பச்சையம்

பெராக்ஸிசோம் ஒப்பீடு எனக்குச் சம்மதம். கால அளவு வேறாக வந்தால் என் வாதத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் இலை செல்லில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். அங்கே ஒளிச்சுவாசத்துக்காக மைட்டோகாண்ட்ரியாவும் பெராக்ஸிசோமும் ஒட்டியிருப்பதே இயல்பு, ஒப்பீடு கெட்டுவிடும்.

நாற்றங்கால்

இழையை ஆரம்பத்திலிருந்து படித்தேன். மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் நடத்துகிறேன். இதில் எதையாவது பள்ளி நுண்ணோக்கியில் காட்ட முடியுமா?

நுண்ணோக்கி நேசன்

ஓட்டத்தைக் காட்டலாம், ஆசிரியரே. வெங்காயத்தின் உள்தோலை உரித்து, நீரில் வைத்து, 400 மடங்கில் வெளிச்சத்தைக் குறைத்துப் பாருங்கள். வாக்குவோலைக் குறுக்கே கடக்கும் சைட்டோபிளாச இழைகளில் சிறு துகள்கள் நகர்வது தெரியும். அவற்றில் மைட்டோகாண்ட்ரியாவும் இருக்கும், வேறு உறுப்புகளும் இருக்கும். ஜேனஸ் பச்சை பி என்ற சாயம் மிக நீர்த்த கரைசலில் கொடுத்தால் மைட்டோகாண்ட்ரியா நீலப்பச்சையாகத் தெரியும். 1900-லிருந்தே அதற்காகப் பயன்படும் சாயம். அளவு கூடினால் செல்லுக்கு நஞ்சு, ஓட்டம் நின்றுவிடும். அதனால் முதலில் சாயமில்லாமல் ஓட்டத்தைக் காட்டிவிட்டு, பிறகு சாயமிடுங்கள்.

விதைமுளை

என் திட்டத்தை இப்படி மாற்றுகிறேன். படமெடுக்கும் இடைவெளியை முதலில் சரிசெய்வேன். வழிகாட்டி கேட்ட வேகத்தைக் கொடுப்பேன், சராசரியாக மட்டுமல்லாமல் முழுப் பரவலாக. பிறகு சந்திப்பு வலை, கூடவே தற்செயல் மாதிரி. 1.6 மைக்ரான் என்ற எல்லையைக் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் பார்த்து, முடிவு மாறாமல் இருக்கிறதா என்று சோதிப்பேன். பெராக்ஸிசோம் ஒப்பீட்டுக்கு இருநிறச் செடி உருவாக்கக் கலப்பு செய்ய வேண்டும், அது அடுத்த கட்டம்.

ஒரு கடைசிக் கேள்வி. பிரிவதே நடக்காத மியூட்டன்ட்களையும் சேர்க்கலாமா? பிரிவதை நடத்தும் டிஆர்பி3ஏ, டிஆர்பி3பி புரதங்கள் இரண்டும் இல்லாத செடி விதை ஆய்வகத்தில் இருக்கிறது.

மரபுக்கோடு

இரண்டும் இல்லாத செடியில் மைட்டோகாண்ட்ரியா நீண்டு வலையாகப் பின்னிக்கிடக்கும், எண்ணிக்கையும் வெகுவாகக் குறைந்துவிடும். கணக்குப்பிள்ளையின் முறையில் ஒவ்வொன்றும் ஒரு கணு என்ற அனுமானமே அங்கே உடைந்துபோகும். இயல்பான செடியோடு எண்களை நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. உருவத்தைப் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள், வலைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இஎல்எம்1 மியூட்டன்ட்டிலும் இதே சிக்கல்தான், டிஆர்பி3ஏ பிரியும் இடத்துக்குப் போய்ச் சேர அந்தப் புரதம் வேண்டும், இல்லாவிட்டால் மைட்டோகாண்ட்ரியா நீளமாகிவிடும்.

இணைவைத் தடுத்துப் பார்க்கலாமே என்று அடுத்துத் தோன்றும். விலங்கிலும் ஈஸ்டிலும் இணைவை நடத்தும் மைட்டோஃப்யூசின், ஓபிஏ1 வகைப் புரதங்களுக்கு நேரான ஒன்று தாவரத்தில் கிடைக்கவில்லை. இணைவு நடப்பதைக் கேடே காட்டிவிட்டது, அதை நடத்தும் புரதம்தான் கைக்கு வரவில்லை. அதனால் உங்களுக்கு இப்போது உகந்தவை ஃப்ரெண்ட்லியும் எம்எஸ்ஹெச்1-உம். இரண்டிலும் தனித்தனி மைட்டோகாண்ட்ரியாவைப் பின்தொடர முடியும். ஃப்ரெண்ட்லியில் கொத்துக்குள் இருப்பவற்றைப் பிரித்தறிவது கடினம், அதனால் கொத்துக்கு வெளியே ஓடுபவற்றைத் தனியாகக் கணக்கிடுங்கள். இயல்பான செடி, இரண்டு மியூட்டன்ட் மூன்றையும் ஒரே நாளில் விதைத்து, ஒரே வயதில், ஒரே ஒளியில் படமெடுங்கள். முளைத்த நாள் வேறானாலே மைட்டோகாண்ட்ரியாவின் நடத்தை வேறாகிவிடும்.